பாழ்நிலம் என்னும் பாடம்

கல்முனையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு ஆகிய ஊர்களை அடுத்துக் கிட்டங்கித் தாம்போதியை அடைவர். தாம்போதிக்கு அப்பாலுள்ளது நாவிதன்வெளி. இவ்வழியிலுள்ள ஊர்ப்பெயர்களைச் சற்றே நின்று நோக்குவார்க்கு அவை ஒரு சிறு புவியியல் நூலாகத் தோன்றும். பிட்டி என்பது சூழவுள்ள தாழ்நிலத்தினின்றும் எழுந்து நிற்கும் மேடு. முனை என்பது நீரை நோக்கி நீண்ட நிலம். வெளி என்பது மரச்செறிவில்லாத பரந்த நிலம். வாவிநீர் சூழ்ந்த ஊருக்குத் துரைவந்தியமேடு என்று பெயர். காடு வெட்டிச் சேனை செய்தோர் குடியமர்ந்த இடம் சேனைக்குடியிருப்பு. எழுத்தறியாத முதியவரும் இப்பெயர்களைச் சொல்லும்போதே மாரி வெள்ளத்தில் எது தாழும், எது தப்பும், எங்கே நெல் விளையும், எங்கே குரக்கன் விளையும் என்பவற்றையும் உடன் சொல்லிவிடுகின்றார். இந்துக்களும் முசுலிம்களும் இப்பெயர்களை வேறுபாடின்றி வழங்கி வருகின்றனர்.

நாவிதன்வெளியைக் கடந்து உட்செல்லச் செல்ல இந்நூலின் மொழி மாறிவிடுகின்றது. அன்னமலை, சவளக்கடை என்பன போன்ற பெயர்கள் இடையிடையே உளவேனும், 4ஆம் கொலனி, 5ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி, 15ஆம் கிராமம், மத்தியமுகாம் என்றே பல ஊர்கள் வழங்குகின்றன. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் தம் ஊர் யாது என்னும் வினாவுக்கு ஓர் எண்ணையே விடையாகக் கூறி வளர்ந்திருக்கின்றனர். மண்ணின் இயல்பைச் சொல்லும் பெயர் ஓரிடத்தில் நின்றுபோய், நில அளவையாளர் வரைபடத்தில் இட்ட எண் மற்றோரிடத்தில் ஊர்ப்பெயரானது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது. கல்லோயா அணைக்கட்டையே இதற்குக் காரணமாகக் காட்டுவோர் பலர். அணைக்கட்டு 1949இல் தொடங்கியது. இவ்வரலாறோ அதற்கு நூறாண்டுக்கு முன், ஒரு சட்டத்தில் வந்த ஒரு சொல்லோடு தொடங்குகின்றது. அச்சொல் நீதிமன்றத்திலிருந்து பாடசாலைக்கு வந்து, பாடசாலையிலிருந்து பிள்ளையின் கண்ணுக்குட் புகுந்த வரலாறே ஈண்டுக் கூறப்படுகின்றது.

தமிழ்ப் புலமை மரபில் நிலத்தை நோக்கும் முறை யாவரும் அறிந்ததே. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருளுள் வைத்தார். குறிஞ்சியும் முல்லையும் மழையற்றுத் திரிந்த வெம்மைக் காலத்து நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் கூறும். அத்தகைய பாலைக்கும் ஒரு பெயர் உண்டு, பொழுது உண்டு, மக்கள் உண்டு, பண்ணும் உண்டு. விளைச்சல் குன்றிய நிலம் என்பதற்காக அஃது ஒருவரும் இல்லாத நிலம் என்று கொள்ளப்படவில்லை. இவ்வகுப்புச் செய்யுள் வழக்கிற்கு உரியது. அதனை நில ஆவணமாகக் கொள்ளுதல் பொருந்தாது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் சரியே. ஆயினும், ஒரு மொழி தன் பிள்ளைகளுக்கு நிலத்தை எவ்வாறு காட்டியது என்பதற்கு அது சான்றாகும் என்பதில் ஐயமில்லை.

இனி அச்சட்டத்தைக் காண்போம். 1830களிலும் 1840களிலும் இலங்கையின் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தோட்டம் திறக்க விரும்பியோருக்கு ஐயமற்ற உரிமையுடன் காணி விற்க அரசாங்கம் விரும்பிற்று. விற்பதற்கு முன் அக்காணி தன்னுடையது என்று நாட்ட வேண்டுமன்றோ? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம் இதற்கு வழி செய்தது. காடு, பாழ்நிலம், ஒருவரும் குடியிராத நிலம், பயிரிடாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிறுவப்படும் வரையில், முடிக்குரியனவே என்று அது கொண்டது. உரிமையை நிறுவும் சுமை குடியானவன் தலையில் விழுந்தது.

கிழக்கு மாகாணத்துக்கு இச்சட்டத்தில் மிக முக்கியமானது அதே பிரிவின் பிற்பகுதி. சில ஆண்டு இடைவெளி விட்டே பயிர் செய்யத்தக்க சேனை நிலங்களைக் குறித்து அது தனியே பேசுகின்றது. கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்த பகுதிகளிற் சன்னதுப் பத்திரம் போன்ற சான்று இல்லாவிடின் அவை முடிக்கே உரியன. ஏனைய பகுதிகளிற் சேனை நிலம் காடாகவோ பாழ்நிலமாகவோ கருதப்படும். ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்து பிரித்தானியர் கைக்கு வந்த மட்டக்களப்புக் கரையோரம் இப்பிற்கூறிய வகையில் அடங்கிற்று. சட்டத்தின் கண்ணாற் பார்ப்பின் சேனைக்குடியிருப்பு என்னும் ஊரின் பெயர் பாழ்நிலக் குடியிருப்பு என்று பொருள்பட்டுவிட்டது. 1897ஆம் ஆண்டின் பாழ்நிலக் கட்டளைச்சட்டம் ஒரு படி மேலே சென்றது. அறிவித்தல் கொடுத்து, குறித்த தவணைக்குள் எவரும் உரிமை கோரி முன்வராவிடின் நிலம் முடிக்குரியதென்று பிரகடனஞ் செய்ய அது வகை செய்தது. கச்சேரிப் பலகையில் ஒட்டிய அறிவித்தலை எத்தனை சேனைக்காரர் வாசித்திருப்பர் என்பது வேறு வினா.

பிரித்தானியர் இலங்கைக்கு அவுஸ்திரேலியாவுக்குச் சென்றதுபோற் குடும்பத்தோடு குடியேறி உழுது வாழ வரவில்லை. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் அவர்கள் அங்கும் இங்கும் கையாண்ட கருவி ஒன்றே. அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டாக வேட்டையாடியும் தீயிட்டுப் புல் வளர்த்தும் பேணிய நிலம் எவருக்கும் உரியதன்று என்ற கோட்பாட்டின்மீதே ஆட்சி நடைபெற்றது. அந்நாட்டு உயர்நீதிமன்றம் மாபோ வழக்கில் அக்கோட்பாட்டைத் தள்ளியது 1992இலேதான். நிலத்தை உழுது வேலியிட்டவனே உடையவன், அதனோடு வேறு வகையில் வாழ்பவன் உடையவனல்லன் என்னும் எண்ணம் இரு நாட்டுச் சட்டத்திலும் இருந்தது.

சேனைச் செய்கையை இங்குச் சிறிது விரித்துரைப்பது தேவையாகின்றது. அதனைக் கண்ணாற் கண்டவர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். கச்சான் காற்று வீசும் வரட்சி மாதங்களிற் சிறுகாடு வெட்டப்படும். மரங்களை வேரோடு அகழ்வதில்லை. முழங்காலளவு கட்டை விடப்படும். பயன்மரங்களிற் சில நிற்கவிடப்படும். வெட்டியவை காய்ந்தபின், மாரிக்கு முன்னர் எரியூட்டுவர். முதல் மழையோடு குரக்கன், இறுங்கு, சோளன், பயறு, பூசணி முதலியன கலந்து விதைக்கப்படும். பயிர்கள் ஒன்றாய் எழுந்து ஒவ்வொன்றாய் முற்றுவதால் மண் வெறுமையாய்க் கிடக்கும் நாள் குறைவு. யானையும் பன்றியும் வராது காக்கப் பரண் கட்டி இரவிற் கண்விழிப்பர். மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களிற் பரணும் காவலும் இடம்பெறுவது இதனாலேயே. ஓரிரு போகம் கண்டபின் நிலத்தைப் பல ஆண்டுக்குக் காட்டிடமே ஒப்படைத்துவிட்டு வேறிடம் செல்வர். விட்ட கட்டைகள் தளிர்த்துச் சிறுகாடு மீளும். சட்டம் எந்த இடைவெளியைப் பாழ் என்று பெயரிட்டதோ, அவ்விடைவெளியே இச்செய்கையின் உயிர்நிலை.

சேனைச் செய்கை குற்றமற்றது என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். மக்கள் பெருகி, எஞ்சிய நிலம் சுருங்கி, பத்தாண்டு ஆறவேண்டிய நிலம் மூன்றாண்டிலேயே மீண்டும் வெட்டப்பட்ட இடங்களில் மண் கரைந்தது, காடு மீளவில்லை. ஆனால் நிலம் சுருங்கியதற்குச் சேனைக்காரன் மட்டும் காரணனல்லன். முடிக்காணி என்று விற்கப்பட்டவற்றில் 1840களிலேயே மட்டக்களப்புக் கரையோரத்தில் ஐரோப்பியரின் தென்னந்தோட்டங்கள் எழத் தொடங்கின. 1885ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச்சட்டம் ஒதுக்குக் காடுகளை வகுத்தது. வட்டத்தைச் சிறிதாக்கிவிட்டு, உள்ளே சுற்றுபவன் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மிதிக்கின்றான் என்று குறை கூறுவது போன்றதே இது.

பள்ளிக்கூடத்தின் பங்கு இவ்விடத்தில் வருகின்றது. 1814இல் உவெஸ்லியன் சபைப் பாதிரியார் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பில் வந்திறங்கிப் பாடசாலைகளைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே அவர் காலமாயினும் அவர் தொடங்கிய பணி நின்றுவிடவில்லை. 1869இற் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின் பாடத்திட்டமும் பரிசோதகரும் நன்கொடைப் பணமும் ஒரு முறைக்குள் வந்தன. இப்பாடசாலைகள் செய்த நன்மையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். ஆயினும் அவற்றின் வாசிப்பு நூல்களில் வந்த பருவமும் பறவையும் பழமும் வேறொரு நாட்டினவாயிருந்தன. இதற்கு எதிர்நின்று எழுந்த சைவப் பாடசாலைகளும் இவ்வகையில் வேறு வழி காணவில்லை. நாவலர் பெருமானின் பாலபாடங்கள் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பிழையற்ற தமிழையும் காத்தன. அக்காலத்துப் போர் சமயத்தையும் மொழியையும் பற்றியதாயிருந்தமையால் மண்ணைப் பற்றிப் போராட எவருக்கும் தோன்றவில்லை போலும்.

புவியியற் பாடம் வந்தபோது சட்டத்தின் சொல் உரைநடையாக வந்தது. நாட்டின் தென்மேற்கு ஈரவலயம், எஞ்சியது உலர்வலயம். அவ்வலயத்திற் பண்டை அரசர் காலத்துக் குளங்கள் சிதைந்து, காடு மூடி, மலேரியா பரவி, மக்கள் அருகினர். அங்கே எஞ்சியோர் சேனை என்னும் அழிவு முறையைக் கைக்கொண்டனர். இதுவே பல தலைமுறைப் பிள்ளைகள் மனனஞ் செய்த சித்திரம். நற்பிட்டிமுனையில் இருந்து இதனைப் படித்த பிள்ளை தன் வீட்டு முற்றத்தில் மார்கழி வெள்ளம் நிற்கக் கண்டுகொண்டே தான் உலர்வலயத்தில் வாழ்வதாக எழுதிற்று. மட்டக்களப்புக் கரையில் ஓராண்டிற் பெய்யும் மழை 1,500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. இலண்டன் மாநகரில் பெய்வதைக் காட்டிலும் இருமடங்குக்குக் குறையாதது. குறை மழையின் அளவில் இல்லை. அது சில மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது என்பதே செய்தி. தென்மேற் பருவக்காற்று மழை தரும் காற்று என்று ஏடு கூறும். அக்காற்று மலையைக் கடந்து கிழக்கே வரும்போது ஈரமற்று, இலையைக் கருக்கும் கச்சானாக வீசுகின்றது என்பதைப் பாட்டி கூறுவாள். தேர்விற் புள்ளி பெறுவது ஏட்டின் விடை.

பாடசாலை, நிலத்தின்மீது சொல்லால் மட்டுமன்றிச் செடியாலும் தன் தடத்தைப் பதித்துள்ளது. 1821இல் பேராதனையில் நிறுவப்பட்ட பூங்கா, பேரரசின் பயிர்களை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்லும் இடைநிலையமாய் இருந்தது. அமெரிக்கக் கண்டத்து நாயுண்ணிச் செடி 1826இல் அழகுக்காக அங்கே வந்ததாகக் கூறுவர். வெட்டி விட்ட சேனைகளில் இயற்கையாய்த் தளிர்க்க வேண்டிய சிறுகாட்டை முந்திக்கொண்டு இன்று புதராய் மண்டுவது அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடசாலைத் தோட்டத் திட்டம் வந்தது. பேராதனையிலிருந்து விதையும் கன்றும் கிராமப் பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. பிள்ளைகள் கையால் மண்ணைத் தொடவேண்டும் என்ற நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் தோட்டத்திற் கற்பிக்க வேண்டியவை வெளியேயிருந்து வரவேண்டும் என்றும், வேலிக்கு வெளியே நிற்கும் குரக்கனுக்கும் இறுங்குக்கும் பாடத்தில் இடமில்லை என்றும் பிள்ளைகள் சொல்லாமலே கற்றுக்கொண்டனர்.

சல்வீனியாவின் கதை இதனினும் வியப்புடையது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மிதக்கும் செடியை 1939இற் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதியினர் கல்வித் தேவைக்காகத் தருவித்தனர். ஆய்வுத் தொட்டியிலிருந்து அது வெளியேறிற்று. 1950களின் நடுவில் வயல்களிலும் வாய்க்கால்களிலும் குளங்களிலும் பரவி அரசாங்கத்துக்கே தலைவலியாயிற்று. 1986இல் அதனை உண்ணும் ஒரு கூன்வண்டினம் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பின்னரே ஓரளவு அடங்கிற்று. ஆற்றுவாழையும் இவ்வாறே இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதன் நீலப் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதனை ஒழிக்க 1909இலேயே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் பழையதாயிற்று; ஆற்றுவாழை இன்றும் கிட்டங்கியில் நிற்கின்றது.

பிரித்தானிய அரசாங்கம் உள்ளூர் அறிவை முற்றாக அறியாதிருந்தது என்று கூறவியலாது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம், நீரைப் பங்கிடுவதில் ஊரவர் கைக்கொண்ட பண்டை வழக்குகளை மீட்டு எழுதிவைக்க இடமளித்தது. ஆளுநர் சேர் ஹென்றி உவாட் காலத்தில் இறக்காமக் குளம் திருத்தப்பட்டது. வட்டை விதானை ஒருவர் வாய்க்கால் வெட்டும் நாளையும் விதைப்பு நாளையும் குறிக்க, போடியாரும் முல்லைக்காரரும் அதற்கு அமைந்து நடந்தனர். நெல் வரி தந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்வரி 1892இலேதான் நீக்கப்பட்டது. வரி தந்த வயலின் வழக்கங்கள் ஏட்டில் ஏறின. சேனையின் வழக்கங்களை எழுதிவைக்க எவரும் முற்படவில்லை.

சுதந்திரத்தின்பின் ஆட்சி மாறிற்று; அச்சொல் மாறவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம் முடிக்காணியை நிலமற்ற குடியானவருக்குப் பகிர்ந்தளிக்க வழிவகுத்தது. நிலமற்றோர் பசி உண்மையானது. அதனைத் தீர்க்க முயன்றதை எவரும் குறை கூறார். ஆனால் கொடுக்கப்பட்ட நிலம் வெறுமையானது என்ற எண்ணம் 1840இலிருந்து வந்த முதுசொம். 1949இற் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்க நாட்டு மொறிசன் நட்சன் கம்பனியார் இங்கினியாகலையிற் பட்டிப்பளை ஆற்றை மறித்து அணை கட்டினர். சேனநாயக்க சமுத்திரம் என்று பெயர் பெற்ற அந்நீர்த்தேக்கம் 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். ஆற்றின் தமிழ்ப்பெயரை இன்று கல்முனைப் பிள்ளைகளிற் பலர் அறியார். கல்லோயா என்றாலே விளங்கும்.

நீரடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒருவருமற்றதாய் இருக்கவில்லை. வேடர் வேட்டையாடியும் தேனெடுத்தும் சேனை செய்தும் வாழ்ந்த நிலங்கள் அதனுள் அடங்கின. அவ்வட்டாரத்து வேடர்களைப் பற்றிச் செலிக்மன் தம்பதியர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1911இலேயே வெளிவந்திருந்தது. எனவே அறியாமற் செய்துவிட்டோம் என்று சொல்ல இடமில்லை. அவர்தம் பிள்ளைகள் குடியேற்றக் கிராமத்துப் பள்ளிகளில் ஏனையோர் பிள்ளைகளோடு அமர்ந்து, ஏனையோர் மொழியில், வேடர் நாகரிகத்தின் முதற்படியில் நிற்பவர் என்ற பாடத்தைப் படிக்க நேர்ந்தது. கனடாவில் ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை அந்நாட்டு உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் விரிவாக வெளியிட்டது. இங்கு அத்தகைய வன்பறிப்பு நிகழவில்லை. எனினும் ஒரு தலைமுறைக்குள் காட்டின் பெயர்களை மறந்த பிள்ளைகள் இரு நாட்டிலும் உளர்.

குடியேறியவர்களைப் பற்றியும் நேர்மையாகப் பேசுதல் வேண்டும். கேகாலை, கண்டி முதலிய இடங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள் செல்வர் குடும்பங்களல்ல. ஊற்றுநீர் பாயும் மலைச்சரிவு வயல்களைவிட்டு, கச்சான் வீசும் சமவெளிக்கு அவர்கள் வந்தனர். அவர்கள் பிள்ளைகளுக்கும் கிடைத்தது எண்ணிட்ட ஊரே. கரையோரத்துத் தமிழரும் முசுலிம்களும் சில கொலனிகளிற் காணி பெற்றனர். அவற்றிற் பல வாய்க்காலின் கடைப்பகுதியில் அமைந்தன. மாகாணத்தின் இனப்பரம்பல் இதனால் மாற்றப்பட்டது என்ற மனக்குறை கிழக்குத் தமிழரிடையும் முசுலிம்களிடையும் ஆழமாக வேரூன்றியது. 1956 ஜூனில் இத்திட்டப் பகுதியில் தமிழர்மீது நடந்த வன்செயலில் உயிர்கள் பலியாயின. அடுத்த ஆண்டு மார்கழிப் பெருவெள்ளம் எவ்வினத்தார் வயல் என்று பாராது அழித்துச் சென்றது.

நீர்த்தேக்கம் தந்தவை பல: இருபோக நெல், மின்சாரம், நன்னீர் மீன்பிடி. 1952இல் ஆபிரிக்கத் திலாப்பியா மீன் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. ஏழை வீட்டு உலையில் மீன்மணம் எழச் செய்தது அதுவே என்பதில் மிகையில்லை. இன்று சந்தையில் அதனைச் செப்பலி என்று கேட்டு வாங்கும் பிள்ளை அதனை ஆதிமுதல் நம் வாவியில் வாழும் மீன் என்றே எண்ணுகின்றது. விராலையும் சுங்கானையும் வேறுபடுத்திக் காட்டச் சொன்னால் மயங்குகின்றது. காட்டை இழந்த யானைக்கு ஒதுக்கிடமாகவும் நீரேந்து நிலத்துக்குக் காவலாகவும் 1954இற் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. யானை வரைபடம் வாசிப்பதில்லை. அதனாற் கொலனி வயல்களில் இரவுக்காவல் இன்றும் ஓயவில்லை. சேனைக்காரனின் பரண் பாடநூலிலிருந்து நீங்கினாலும் வயலிலிருந்து நீங்கவில்லை.

பழைய அறிவைப் பொறியியல் தேடிச்சென்ற நிகழ்ச்சி ஒன்றும் இங்கு உண்டு. முப்பது ஆண்டுக்குள் வாய்க்கால்கள் தூர்ந்து, இடதுகரையின் கடைப்பகுதி வயல்களுக்கு நீர் எட்டாத நிலை வந்தது. 1979 முதல் 1985 வரை கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து அங்கே ஒரு திட்டம் நடத்தின. பட்டம் பெற்ற இளைஞர்களும் யுவதிகளும் கிராமங்களிலேயே தங்கி, கமக்காரரோடு வாய்க்கால் ஓரம் நடந்து, அவர்கள் கூறுவதைக் கேட்டெழுதினர். 1981இல் நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைந்திருந்த சிறுபோகத்தில், தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர் தம் முறையிற் சிக்கனஞ் செய்து கடைப்பகுதித் தமிழ்க் கமக்காரருக்கு நீர் விட்டனர். நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலிலே இதனை விரித்துரைத்துள்ளார். வட்டை விதானைகள் வாய்க்கால் ஓரத்தில் வழிவழியாகச் செய்துவந்த வேலையை, பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் கால்நடையாக மீண்டும் கற்க வேண்டியிருந்தது என்பது ஆசிரியர்களாயுள்ளோர் கவனிக்கத்தக்கது.

பிள்ளையின் சூழலிலிருந்தே கல்வி தொடங்கவேண்டும் என்ற கருத்தும் புதியதன்று. 1930களிற் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெசவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் கமத்தையும் சுகாதாரத்தையும் ஊர்க் கைத்தொழிலையும் பாடமாக்கிற்று. பெற்றோர் அதனை வரவேற்கவில்லை. ஆங்கிலம் கற்றவன் உத்தியோகம் பெற, தம் பிள்ளை மட்டும் மண்வெட்டியோடு நிற்க வேண்டுமோ என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் அவ்வுத்தியோக வழி ஏழைகளுக்கும் திறந்தது. ஊரறிவு பின்வரிசைக்குப் போயிற்று. இன்று முதல் ஐந்து வகுப்புகளிலும் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடம் உண்டு. அதன் நோக்கம் மிக நன்று. ஆயினும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கியவுடன் சுற்றாடலும் வினாத்தாளாகிவிடுகின்றது. ஒரே பாடநூல் மலைநாட்டுப் பிள்ளைக்கும் வாவிக்கரைப் பிள்ளைக்கும் சூழலைக் கற்பிக்கின்றது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் தம் ஆராய்ச்சியின் வழியில் மட்டக்களப்பு வாவியின் இசையொலியைப் புறக்கணிக்கவில்லை. நீரரமகளிர் பாடலாக அதனைப் போற்றினார். பெரியநீலாவணையிற் பிறந்து ஆசிரியராய்ப் பணிபுரிந்த கவிஞர் நீலாவணன் 1975இற் காலமாவதற்கு முன் எழுதிய வேளாண்மைக் காவியம் 1982இல் நூலாயிற்று. வயலின் சொற்கள் பல அதனுள் உயிரோடிருக்கின்றன. இவ்விரு பெரியாரும் நடந்த மண்ணிலே, வட்டை, வெளி, பிட்டி, கண்ணாக்காடு, தாம்போதி என்பவற்றை மூன்றாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் வரைந்து குறிக்கும் ஊர்ப்படம் ஒன்றைச் செய்விப்பதற்கு அரசாங்கச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. தரையில் ஒரு கோலும் ஒரு மாலைப்பொழுதும் போதும். சேனை என்ற சொல்லை அப்படத்தில் எழுதும் பிள்ளை, அதன் பொருளை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வரட்டும். அப்பெரியவர் இருக்கும்போதே கேட்டு வரட்டும்.

மார்கழியில் மழை ஓயாது பெய்யும் நாட்களில் மேற்கிலிருந்து வரும் வெள்ளமும் வயல்களின் வடிநீரும் ஒருங்கு திரண்டு கிட்டங்கித் தாம்போதியின்மேற் பாய்கின்றன. அவற்றோடு மிதந்துவரும் ஆற்றுவாழை அடைத்துக்கொண்டு நீர் வடிய விடுவதில்லை. நாவிதன்வெளிப் பிள்ளைகள் அக்கரையிலும், அவர்களுக்குக் கற்பிக்கச் செல்ல வேண்டிய ஆசிரியர்கள் இக்கரையிலும் நின்றுவிடுகின்றனர். வெள்ளம் வற்றிய பின் வகுப்புக் கூடும்போது, இந்நீர் எங்கிருந்து வந்தது, இச்செடி எங்கிருந்து வந்தது, உன் ஊருக்கு எண் இட்டவர் யார் என்னும் மூன்று வினாக்களை அன்றைய சுற்றாடற் பாடமாக எழுதலாம்.